ஒரு வளவு, நாலு வீடு, ஒரே இணைப்பு

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வீடு என்று சொல்லும்போது ஒற்றை வீட்டை மட்டும் நினைத்துக்கொள்ள முடியாது. மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசும்போது பெற்றோர் தாங்கள் இருக்கும் வீட்டையே அவள் பெயருக்கு எழுதிவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். இளையவளின் முறை வரும்போது அந்த வீடும் கைமாறும். தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடில்லாமல் கிழக்கில் வேரூன்றிய வழக்கம் இது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியான தம் நூலில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதன் விளைவாக ஒரே வேலிக்குள் அக்கா வீடு, தங்கச்சி வீடு, அம்மாவும் அப்பாவும் இருக்கும் சிறு வீடு, புறம்பாக ஒரு குசினி, சில வேளை வாடகைக்குக் கொடுத்த ஓர் அறை என்று பல கூரைகள் எழுகின்றன. இணையமோ ஒரு கூரைக்குத்தான் வருகிறது. ரோட்டோரத்துத் தூணிலிருந்து இறங்கும் பைபர் கேபிள் முன்வீட்டு விறாந்தைச் சுவரில் முடிகிறது. அல்லது ஒரு 4ஜி ரவுட்டர் முன்வீட்டு யன்னலோரம் வைக்கப்பட்டிருக்கிறது. பின்வீட்டில் ஏ.எல். படிக்கும் பிள்ளையின் ஸூம் வகுப்பு பாதியில் உறைந்து நிற்கிறது.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு வகுப்புகள் போனுக்குள் வந்தபோது இந்தக் குறை எல்லா வளவுகளிலும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டது. அன்றிலிருந்து கடைக்குப் போய்க் கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, நாலைந்து அன்டெனா வைத்த பெரிய ரவுட்டர் வாங்குங்கள் என்பது. மற்றது, ப்ளக்கில் செருகும் ஒரு ரிப்பீட்டர் வாங்குங்கள் என்பது. இரண்டுமே காசைக் கொண்டுபோகும், குறையை முழுதாகத் தீர்க்காது. ரவுட்டர்களைக் கூட்டுவதால் இணையம் கூடுவதில்லை. வீட்டுக்கு வீடு கேபிள் ஓட வேண்டும். முன்வீட்டு ரவுட்டர் ஒன்றே வலையமைப்பை ஆள வேண்டும். மற்றவை அதன் சொற்படி அந்தந்த வீட்டுக்குள் அலை பரப்ப வேண்டும். அப்போதுதான் ஒரு வளவு முழுவதும் ஒரே வீடு போல இயங்கும். ஏன் அப்படி என்பதைக் காரணத்தோடு விளங்கிக்கொண்டால், செய்முறை தானாகவே தெளிவாகும்.

முதலில் குறை எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய வேண்டும். முன்வீட்டு ரவுட்டருக்கு மடிக்கணினியை ஒரு கேபிளால் நேரடியாகக் கொழுவி வேகத்தை அளந்து பாருங்கள். மடிக்கணினி இல்லையென்றால் போனோடு ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று அளக்கலாம். பிறகு அதே நேரத்தில் பின்வீட்டில் அளந்து பாருங்கள். முன்வீட்டில் 40 எம்பிபிஎஸ், பின்வீட்டில் 3 என்று வந்தால் குறை வைஃபையில் இருக்கிறது. வளவுக்குள் செய்யும் வேலையால் அது தீரும். இரண்டு இடத்திலும் 4 என்று வந்தால் குறை வெளியே இருக்கிறது. பத்து ரவுட்டர் வைத்தாலும் அந்த நான்கு ஐந்தாகாது. இந்தச் சோதனையைக் காலையில் ஒரு தடவையும் இரவு எட்டு மணியளவில் ஒரு தடவையும் செய்வது நல்லது. 4ஜி இணைப்புகளில் ஊரே போனைக் கையில் எடுக்கும் அந்த நேரத்தில் கோபுரத்தின் கொள்ளளவு எல்லோருக்குமாகப் பங்கிடப்படுகிறது. அந்த நெரிசலை வைஃபையின் பிழை என்று எண்ணிப் புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் பலர். இந்தக் கட்டுரை முதல் வகைக் குறையைப் பற்றியது.

வைஃபை அலை ஏன் பின்வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை? தூரம் ஒரு காரணம். தடையே இல்லாத வெளியில்கூட தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் சக்தி நாலில் ஒன்றாகிவிடும். சுவர் அடுத்த காரணம். வீடுகளில் பாவிக்கும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடக்கும்; 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். சீமெந்துக் கல் சுவர் இரண்டையும் பலவீனப்படுத்தும். கம்பி போட்ட கொங்கிறீட் இன்னும் மோசம். தகரக் கூரையும், ஓட்டுக்குக் கீழே வெப்பத்துக்காக விரிக்கும் வெள்ளித் தாளும் அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும் என்பதால் தண்ணீர்த் தாங்கியும், மழையில் நனைந்த மாமரமும் தடைதான். முன்வீட்டு அறையிலிருந்து பின்வீட்டு அறைக்குப் போகும் அலை இரண்டு வீட்டின் சுவர்களையும் நடுவிலுள்ள மரங்களையும் கடக்க வேண்டியிருக்கிறது. பெரிய ரவுட்டர் வாங்கினால் இவற்றை உடைத்துக்கொண்டு போகாதா என்று கேட்கலாம். வைஃபை ஒருவழிப் பேச்சு அல்ல. ரவுட்டர் சொல்வது போனுக்குக் கேட்டால் போதாது. போன் சொல்வதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். போனின் அலைபரப்பி சிறியது, பற்றரியை மிச்சம் பிடிப்பதற்காக அடக்கிப் பேசுவது. ஆகவே பெரிய அன்டெனாக்களால் போன் திரையில் கோடுகள் நிறைந்து தெரியும், ஆனால் வீடியோ ஓடாது. அந்தக் கோடுகள் ரவுட்டரின் குரலைத்தான் அளக்கின்றன, போனின் குரலை அல்ல.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவை எல்லாம் காத்திருக்கும். 10 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடக் குறிப்பை முன்வீட்டு விறாந்தையில் இருக்கும் போன் 200 எம்பிபிஎஸ் வேகத்தில் அரை நொடிக்குள் இறக்கிக்கொள்ளும். அதே குறிப்பைப் பின்வீட்டிலிருந்து 6 எம்பிபிஎஸ் வேகத்தில் தட்டுத்தடுமாறி இறக்கும் போனுக்கு 13 நொடிக்கு மேல் பிடிக்கும். அந்த 13 நொடியில் பெரும் பங்கு நேரம் காற்றுவெளி அதன் கையில்தான் இருக்கிறது. முன்வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருப்பவருக்கும் இணையம் இழுபடுவதற்குக் காரணம் இதுதான். பின்வீட்டுக்குச் சரியான வசதி செய்து கொடுக்காத வளவில் முன்வீடும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறது. அக்கா வீட்டுக்கு மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தாலும்கூட, தங்கச்சி வீட்டுக்கு வழி செய்தே ஆக வேண்டும்.

ரிப்பீட்டர் இந்தக் குறையை மறைக்கிறது, தீர்ப்பதில்லை. அது முன்வீட்டு அலையைக் கேட்டு, அதையே திரும்பச் சொல்கிறது. கேட்பதும் சொல்வதும் ஒரே சனலில் என்றால் ஒவ்வொரு செய்தியும் காற்றில் இரண்டு தடவை போக வேண்டும், வேகம் பாதியாகும். மூன்றாவது வீட்டுக்காக இன்னொரு ரிப்பீட்டரை அதன் பின்னால் வைத்தால் மூன்று தடவை போக வேண்டும், வேகம் இன்னும் குறையும். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை வாவியைப் பாதை என்னும் மிதவையில் கடந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: பாதை இக்கரையில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, திரும்பி வரும்வரை மற்ற எல்லோரும் துறையில் நிற்க வேண்டும், பாலம் வந்த பிறகு இரு பக்கமும் ஒரே நேரத்தில் போக்குவரத்து நடக்கிறது. கேபிள்தான் அந்தப் பாலம். சாதாரண கெட் 5ஈ கேபிள் ஒன்று 100 மீற்றர் தூரத்துக்கு 1,000 எம்பிபிஎஸ் வேகத்தை இரு திசையிலும் ஒரே நேரத்தில் கொண்டுபோகும். எந்தச் சுவரும் மழையும் பக்கத்து வீட்டு வைஃபையும் அதைத் தொடுவதில்லை. பெரும்பாலான வளவுகளில் கடைசி வீடும் அந்த 100 மீற்றருக்குள்தான் இருக்கிறது. வீடுகளுக்கு நடுவில் செப்பா, பைபரா என்பதைப் பின்னால் பார்ப்போம். ரிப்பீட்டருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அலை நன்றாக இருக்கும் இடத்தில் வைத்தால் பின்வீட்டுக்கு எட்டாது. பின்வீட்டில் வைத்தால் அங்கே வரும் நொந்த அலையைத்தான் அது திரும்பச் சொல்லும். கேபிளின் மறுமுனையை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.

இணையம் வளவுக்குள் நுழையும் இடம் வேறு, வைஃபை தேவைப்படும் இடம் வேறு என்ற எளிய உண்மையும் இதில்தான் அடங்கியிருக்கிறது. வாவியின் மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் 4ஜி இணைப்பை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் முக்கியம். 4ஜி ரவுட்டர் கோபுரத்தின் அலை நன்றாகக் கிடைக்கும் யன்னலில் இருக்க வேண்டும். அந்த யன்னல் வீட்டின் ஒரு மூலையில், ஆட்கள் இருக்கும் அறைகளுக்கு எட்டாத பக்கத்தில் இருக்கலாம். பலரும் ரவுட்டரை நடு வீட்டுக்குக் கொண்டுவந்து வைஃபையைத் திருத்துகிறார்கள். அதனால் கோபுரத்திலிருந்து வரும் வேகமே குறைந்துவிடுகிறது. ஒன்றைத் திருத்த ஒன்று கெடுகிறது. யன்னலில் இருப்பது யன்னலிலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, வைஃபை பரப்பும் வேலையை நடு வீட்டில் இன்னொரு பெட்டிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் தத்தம் இடத்தில் நன்றாக இயங்கும். கிழக்கே எழுவான்கரையில் பைபர் வந்த வீடுகளுக்கும் இதே கணக்குத்தான். பைபர் முடியும் இடத்தை வயரின் வழி தீர்மானிக்கிறது, வீட்டாரின் தேவை தீர்மானிப்பதில்லை.

கடையில் ரவுட்டர் என்று விற்கும் பெட்டிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. முதலாவது, வெளியே இணையத்தோடு பேசி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் ஓர் இலக்கத்தைக் கொடுத்து நிர்வகிப்பது. இலக்கம் கொடுக்கும் பகுதிக்கு டிஎச்சிபி என்று பெயர். இரண்டாவது, பின்பக்கத் துளைகளில் கொழுவிய கேபிள்களை ஒன்றோடொன்று இணைப்பது. மூன்றாவது, வைஃபை அலை பரப்புவது. ஒரு வளவில் முதல் வேலையை ஒரே ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். மூன்றாவது வேலையை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி செய்ய வேண்டும். பல ரவுட்டர் வைத்த வீடுகளில் வரும் தலையிடிகளில் பெரும்பகுதி இந்த ஒரு விதியை மீறுவதால் வருவதுதான். இரண்டாவது ரவுட்டரைக் கடையிலிருந்து கொண்டுவந்தபடியே கொழுவினால் அதுவும் இலக்கம் கொடுக்கத் தொடங்கும். ஒரு போனுக்கு முன்வீட்டு ரவுட்டர் கொடுத்த இலக்கத்தையே பின்வீட்டு ரவுட்டர் இன்னொரு போனுக்குக் கொடுக்கும். சில போன்கள் இணையத்துக்குப் போகும் வழியை இரண்டாவது ரவுட்டரிடம் கேட்டு, அதற்கு வழி தெரியாமல் நிற்கும். ஒரு போனில் வேலை செய்யும், மற்றதில் செய்யாது. காலையில் வரும், பின்னேரம் போகும். இந்த மாதிரி வந்து வந்து போகும் பிழையைக் கண்டுபிடிப்பது முற்றாகச் செத்துப்போன இணைப்பைத் திருத்துவதைவிடக் கடினம்.

சரியான முறை இவ்வளவுதான். முன்வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றும், அது 192.168.1.100இலிருந்து மேலே இலக்கம் கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டாவது ரவுட்டரை இன்னும் எதோடும் இணைக்காமல் தனியே மின்சாரம் கொடுத்து, அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முகவரிக்குப் போனிலிருந்து போங்கள். அமைப்புகளில் அக்சஸ் பொயிண்ட் என்ற தெரிவு இருந்தால் அதை எடுத்தால் போதும். மீதியைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். எந்தத் துளையில் கொழுவ வேண்டும் என்பதையும் அதன் கையேடு சொல்லும். அந்தத் தெரிவு இல்லாத பழைய ரவுட்டர் என்றால், அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், டிஎச்சிபியை நிறுத்துங்கள், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போடுங்கள், நிர்வாகக் கடவுச்சொல்லைக் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள். இத்தனையும் சேமித்த பிறகுதான் கேபிளைக் கொழுவ வேண்டும். முன்வீட்டு ரவுட்டரில் லான் என்று குறித்த துளையிலிருந்து வரும் கேபிளை இதன் லான் துளையிலேயே கொழுவ வேண்டும். வான் என்று தனி நிறத்தில் இருக்கும் துளை காலியாகவே இருக்கட்டும். அதில் கொழுவினால் பின்வீடு தனி வலையமைப்பாகப் பிரிந்துவிடும்: டிஎச்சிபியை நிறுத்தியிருந்தால் பின்வீட்டுப் போன்களுக்கு இலக்கமே கிடைக்காது, நிறுத்தாவிட்டாலும் பின்வீட்டு கமராவை முன்வீட்டிலிருந்து பார்க்க முடியாது. மூன்றாவது வீட்டுக்கு 192.168.1.3. இதே ஒழுங்கில் எத்தனை வீட்டுக்கும் போகலாம்.

சனல் தெரிவிலும் ஒரு நிதானம் வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பல சனல்கள் இருப்பதுபோலத் தோன்றினாலும் ஒன்றோடொன்று உரசாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். முன்வீட்டுக்கு 1, நடுவீட்டுக்கு 6, பின்வீட்டுக்கு 11 என்று பிரித்தால் மூன்று வீடும் ஒரே நேரத்தில் பேச முடியும். நாலாவது வீடு இருந்தால் அதற்கு மிகவும் தூரத்திலுள்ள வீட்டின் சனலைத் திரும்பக் கொடுக்கலாம். காத்தான்குடி போல நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் போனைத் திறந்தால் அயல் வீடுகளின் வைஃபை பெயர்ப் பட்டியல் திரை கொள்ளாமல் நீளும். அங்கே 2.4இல் இடம் தேடுவது வீண். இருக்கிற கருவிகளை முடிந்தவரை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுவதே நல்லது. சுவரை எளிதில் கடக்காது என்ற அதன் குறை அங்கே நன்மையாகிறது. அயலவரின் அலையும் உங்கள் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. பெயரையும் கடவுச்சொல்லையும் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே வைத்தால் ஒரு வீட்டிலிருந்து மற்றதற்கு நடக்கும்போது போன் தானே மாறிக்கொள்ளும். தொடக்கத்தில் மட்டும் வெவ்வேறு பெயர் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துவிட்டு, பிறகு ஒன்றாக்குவது புத்திசாலித்தனம். சில போன்கள் முன்வீட்டு அலையை விடாமல் பிடித்துக்கொண்டு பின்வீடு வரை வரும். எதற்கு மாறுவது என்பதைப் பெரும்பாலும் போன்தான் தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ரவுட்டர்களின் அலைவலுவைக் கூட்டாமல் நடுத்தரத்துக்குக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் தன் வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி பேசினால் போனுக்கும் குழப்பமில்லை.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, இப்போது மெஷ் என்று வயரே தேவைப்படாத கருவிகள் வந்துவிட்டனவே என்பது. மெஷ் நல்ல தொழில்நுட்பம்தான். 2006இல் அநுராதபுரம் மாவட்டத்தின் மகாவிலச்சியக் கிராமத்தில் ஹொரைசன் லங்கா அமைப்பின் முயற்சியால் வீடுகளைக் கம்பியில்லா மெஷ் முறையில் இணைத்துக் காட்டினார்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்பி நெட், ஊர் மக்களே கட்டிய பெரிய வலையமைப்பாக வளர்ந்திருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் வீடுகளுக்கிடையே வயலும் காடும் இருந்தன. கம்பியில்லா வழியே எளிதாகக் கைக்கு எட்டியது. குய்பி நெட்கூட வளர்ந்த பிறகு முடிந்த இடங்களில் பைபர் கேபிளுக்கு மாறியது. ஒரு வளவுக்குள் அந்த நெருக்கடி இல்லை. மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதற்கும் இதே காற்றுவெளியைத்தான் பாவிக்கின்றன. விலை கூடியவை அதற்கெனத் தனி அலைவரிசை வைத்திருந்தாலும், இரண்டு வீட்டுச் சுவரும் மாமரமும் அவற்றுக்கும் தடைதான். வசதி இருந்தால் மெஷ் பெட்டிகளையே வாங்குங்கள்; அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் கேபிள் துளை இருக்கும். அவற்றையும் கேபிளால் இணைத்தால் வீடு மாறும்போது போன் சீராக மாறும் வசதியும், வயரின் வேகமும் சேர்ந்தே கிடைக்கும். ரோட்டைக் கடந்தோ, கேபிள் போக முடியாத வாய்க்காலைக் கடந்தோ ஒரு வீடு இருந்தால் மட்டும், நேருக்கு நேர் பார்க்கும் இரண்டு வெளிப்புற அன்டெனாக்களைக் கூரைக்கு மேல் வைத்து இணைக்கலாம்.

இரண்டாவது மறுப்பு இடியைப் பற்றியது. இதைப் பாரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சித்திரையிலும், மாரிக்கு முந்திய ஐப்பசி, கார்த்திகையிலும் மின்னல் கூடிய பிரதேசம் இது. இரண்டு வீடுகளுக்கும் தனித்தனி எர்த் இருக்கும்போது, அருகில் மின்னல் விழுந்தால் இரண்டு எர்த்துக்குமிடையில் பெரிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். நடுவில் ஓடும் செப்புக் கேபிள் அந்த மின்சாரத்துக்கு வழியாகி, இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் எரித்துவிடலாம். ஆகவே வீட்டுக்குள் செப்புக் கேபிள் போதும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பைபர் கேபிள்தான் போட வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பைபரின் இரு முனையிலும் மீடியா கொன்வேட்டர் என்ற சிறு பெட்டி வைத்தால் அது மீண்டும் சாதாரண லான் கேபிளாகிவிடும். உலோகக் கம்பி சேராத பைபரைக் கேட்டு வாங்க வேண்டும். இதைச் செய்தாலும் இடி முழங்கும்போது மின் ப்ளக்கைக் கழற்றும் பழைய பழக்கத்தை விட வேண்டியதில்லை. கடற்காற்றும் வாவிக் காற்றும் உப்பைக் கொண்டுவருவதால் செப்பு முனைகள் பச்சை பிடிக்கும்; வெளியே இருக்கும் முனைகளை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். அலுமினியத்துக்கு மேல் செப்பு பூசிய மலிவுக் கேபிள் இந்தக் காற்றில் சீக்கிரம் கெடும். தூக்கிப் பார்த்தாலே எடை குறைந்திருப்பது தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊர்களில் பெட்டிகளைத் தரையில் வைக்கவே கூடாது. சுவரில் ஆளுயரத்துக்கு மேல் பொருத்துவது வெள்ளத்துக்கும் நல்லது, அலைக்கும் நல்லது.

எல்லோர் கையிலும் மொபைல் டேட்டா இருக்கிறது, 2025 ஜூலையில் ஸ்டார்லிங்கும் இலங்கைக்கு வந்துவிட்டது, இனி எதற்கு இந்த வயர் வேலை என்பது அடுத்த கேள்வி. வானத்திலிருந்து வந்தாலும் தூணிலிருந்து வந்தாலும் இணையம் வளவில் ஓர் இடத்தில்தான் இறங்குகிறது. அங்கிருந்து நாலு வீட்டுக்கும் பங்கிடும் வேலை அப்படியேதான் இருக்கும். உண்மையில் வெளி இணைப்பு வேகமாகும்போதுதான் உள்ளே இருக்கும் குறை பெரிதாகத் தெரியும். 4 எம்பிபிஎஸ் வந்த காலத்தில் நொந்த வைஃபையும் போதுமாக இருந்தது. 100 எம்பிபிஎஸ் வரும் வீட்டில் பின்னறைக்கு 5 மட்டும் போனால் மீதிக்குக் கட்டும் காசு வீண். மொபைல் டேட்டாவோ ஆளுக்கொரு செலவு. நாலு வீட்டில் பத்துப் பேர் மாதாமாதம் தனித்தனியே போடும் பக்கேஜுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல பொது இணைப்பின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் எது சிக்கனம் என்பதை அந்தந்த வளவே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பகிர்ந்தால் அந்தரங்கம் என்னவாகும் என்ற தயக்கமும் நியாயமானதே. சகோதரிகளின் வீடுகள் ஒரே வலையமைப்பில் இருப்பதில் பெரிய சிக்கல் இல்லை; ஒரு வீட்டுப் பிரின்டரை எல்லோரும் பாவிக்கலாம், வாசற் கமராவை எல்லோரும் பார்க்கலாம். வாடகைக்கு இருப்பவர் விடயம் வேறு. அவருக்கு ஒரு ரவுட்டரைக் கொடுத்து வான் துளையில் கொழுவிவிட்டால் பிரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. உங்களால் அவருடைய கருவிகளைப் பார்க்க முடியாது. அவரால் உங்களுடையவற்றை எட்ட முடியும். பாதுகாப்பு வேண்டிய பக்கம்தான் உள்ளே இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபை வசதியும் இரண்டாவது பெட்டியில் அக்சஸ் பொயிண்ட் முறையில் பெரும்பாலும் சரியாகப் பிரிப்பதில்லை என்பதால், வாடகைக்காரருக்கு நேரடியாக முன்வீட்டு ரவுட்டரின் விருந்தினர் வைஃபையைக் கொடுப்பது அல்லது அவர் தனி இணைப்பு எடுப்பதே நல்லது. வேலிக்கு வெளியே காசுக்கு இணையம் விற்பது சட்டத்தின் எல்லைக்குள் வரும் விடயம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டம் தொலைத்தொடர்பு முறைமை நடத்துவதற்கு உரிமம் கேட்கிறது. வளவுக்குள் குடும்பமாகப் பகிர்வதென்றாலும் சேவை நிறுவனத்தின் நிபந்தனைகளை ஒரு தடவை வாசித்துக்கொள்வது நல்லது.

செலவு என்ற கடைசி மறுப்புக்குப் பதில் பல வீடுகளின் அலுமாரிக்குள்ளேயே இருக்கிறது. பைபருக்கு மாறியபோது கழற்றி வைத்த பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டரை மேலே சொன்ன முறையில் டிஎச்சிபி நிறுத்திப் பாவித்தால் அது நல்ல இரண்டாவது பெட்டி. அதில் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் இருக்கலாம், லான் துளை 100 எம்பிபிஎஸோடு நின்றுவிடலாம். ஆனாலும் ஒரு வகுப்புக்கும் இரண்டு வீடியோவுக்கும் அது தாராளம். ரிப்பீட்டருக்குக் கொடுக்கும் காசைக் கேபிளுக்குக் கொடுங்கள். மின்சாரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த மாதங்களில், போனில் பற்றரி இருந்தும் ரவுட்டர் அணைந்ததால் வகுப்புகள் நின்றன. 12 வோல்ட்டில் ஓடும் ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் போதும். ஆனால் பைபர் மின்சாரம் கடத்தாது என்பதால் ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் அதற்கென ஒன்று வேண்டும். அதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் ரவுட்டர்தான் சீக்கிரம் பழசாகும். ஐந்தாறு வருடத்தில் புதுத் தரம் வரும், பெட்டி மாறும். கேபிளும் ஒருநாள் மாறலாம். மாறாமல் இருக்கக்கூடியது அது ஓடும் வழிதான். கட்டி முடித்த வீட்டில் சுவரைத் துளைத்து, போட்ட சீமெந்தை உடைத்து வயர் இழுப்பது செலவும் மனவருத்தமும். அதனால்தான் மக்கள் ரிப்பீட்டரிடம் போகிறார்கள். கிழக்கின் வளவுகளிலோ வீடுகள் ஒவ்வொன்றாக, ஒரு கல்யாணத்துக்கு ஒன்றாக எழுகின்றன. அத்திவாரம் வெட்டும் அன்றே ஓர் அங்குலப் பிவிசி குழாயைப் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குப் புதைக்கலாம். மின்சார வயர் போகும் குழாயிலிருந்து ஓரடி தள்ளி, கூரான முழங்கை வளைவுகள் இல்லாமல், இரு முனையும் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும்படி, உள்ளே ஒரு நைலோன் கயிற்றைக் கோத்து விட்டால் போதும். எழுவான்கரை மணலில் அதற்கு அரைநாள் வேலை. வீட்டு வரைபடத்தில் தண்ணீர்க் குழாயையும் மின்சார வயரையும் குறிப்பவர்கள் இதையும் குறிக்க வேண்டும்; மேசன்மாரும் வயரிங் செய்பவர்களும் வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் நினைவூட்ட வேண்டும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பெற்றோர் கிணறு, கரண்ட், மலசலகூடம் என்று எழுதும் பட்டியலில் இந்த ஒரு குழாயையும் சேர்த்தால், அடுத்த இருபது வருடத்தில் எந்த இணையம் வந்தாலும் அது எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும்.